வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா, யூடியூபா? குமரி மாவட்டத்துச் சிறு தொழிலுக்கு எது ஒத்துவரும்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கும் அண்ணன். இன்னொருவர் வடசேரியில் கோயில் நகை செய்யும் குடும்பத்துப் பையன். மூன்றாமவர் சுசீந்திரத்தில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித்தரும் அக்கா. "எல்லாரும் நெட்டுல விக்காவ. நாங்க எதுல கணக்கு தொடங்கணும்?" என்பதுதான் கேள்வி.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதை ஒவ்வொருவரிடமும் போனில் அரைமணி நேரம் விளக்குவதைவிட, இதே இடத்தில் திணறி நிற்கும் மற்றவர்களுக்கும் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

என் மைனி (அண்ணி) தக்கலைப் பக்கம் வீட்டிலிருந்தே முந்திரிக்கொத்துப் பலகாரமும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் செய்து விற்கிறார். படம் எடுப்பது, ஆர்டர் எழுதுவது, பார்சல் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நாலு வருடத்தில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், கூகுள் மேப் என்று ஐந்திலும் கைவைத்தோம். அதில் இரண்டுதான் இப்போது ஓடுகின்றன.

## முதலில் எதை வைத்து அளப்பது?

கணக்கு தொடங்கும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். மனதில் நினைத்துக்கொண்டால் போதாது, பேப்பரில் எழுதுங்கள்.

வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்? நாகர்கோவிலிலேயே இருக்கிறாரா, திருவனந்தபுரத்திலா, சென்னையிலா, துபாயிலா? நம் மாவட்டத்துக்கு இது பெரிய கேள்வி. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே புழங்கும். திருவனந்தபுரத்து ஆட்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள் என்றால், படத்துக்குக் கீழே மலையாளத்திலும் இரண்டு வரி வேண்டும். எந்தத் தளம் என்பதைவிட இது முக்கியமாகிவிடுவதும் உண்டு.

பொருள் எத்தனை நாள் தாங்கும்? திரும்ப வாங்குவார்களா? தோவாளைச் சந்தையில் காலையில் வாங்கிய பிச்சிப்பூ மாலைக்குள் வாடிவிடும். அதைப் பற்றிய வீடியோவை டெல்லியில் லட்சம் பேர் பார்த்து என்ன பயன்? தேன் வருடக்கணக்கில் இருக்கும், எங்கேயும் அனுப்பலாம். முந்திரிக்கொத்து இரண்டுக்கும் நடுவில். நல்ல பக்குவத்தில் செய்தால் பத்து நாள் தாங்கும், ஆனால் கூரியரில் உடையும்.

பதில் சொல்ல ஆள் யார்? "விலை என்ன?" என்று கேட்டவருக்கு மறுநாள் பதில் போனால் அவர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

நாளைக்கே அந்தத் தளம் மூடிவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதுவரை லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் சேர்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்று, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை. மூன்றும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். ஆகவே மூன்றிலும் கணக்கு வைத்திருப்பவர் மூன்று கடை வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஒரே கட்டடத்தில் மூன்று கதவு, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு? கணக்கு தொடங்குவது எல்லாவற்றிலும் இலவசம். நேரம், கூரியர், விளம்பரத்துக்கு மேல் வரி, மனஉளைச்சல் இவையெல்லாம் பிறகு வரும்.

ஒரே பார்வையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

| தளம் | யாரைக் கொண்டுவரும் | எதற்கு நல்லது | பலர் கவனிக்காத செலவு |
|---|---|---|---|
| வாட்ஸ்அப் பிசினஸ் | ஏற்கெனவே தெரிந்தவர்களை | திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் | நாள் முழுக்கப் பதில் சொல்லும் வேலை |
| இன்ஸ்டாகிராம் | முன்பின் தெரியாதவர்களை | கண்ணால் பார்த்து ஆசைப்படும் பொருள் | படமெடுக்கும் நேரம், போலிக் கணக்கு |
| ஃபேஸ்புக் | நாற்பது தாண்டியவர்களை, வெளிநாட்டு உறவுகளை | உள்ளூர் அறிவிப்பு, பணம் கட்டிய விளம்பரம் | பணம் கட்டாமல் பலரிடம் போய்ச் சேராது |
| யூடியூப் | தேடி வருகிறவர்களை | விளக்கம் தேவைப்படும் பொருள், தனிநபர் திறமை | பலன் தெரிய மாதக்கணக்கு |
| கூகுள் மேப் | பக்கத்தில் நிற்கிறவர்களை | தங்குமிடம், உணவகம், பட்டறை | விமர்சனங்களுக்குப் பதில் |

## வாட்ஸ்அப் பிசினஸ்

எங்கள் விற்பனையில் பெரும்பங்கு இதில்தான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018-இல் வந்த தனிச் செயலி இது. சாதாரண வாட்ஸ்அப்பில் இருக்கும் நம்பரையே இதிலும் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு சிம் வாங்குங்கள். குடும்பப் பேச்சும் வியாபாரமும் கலக்காமல் இருக்க அதுவே நல்லது. பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கிவைக்க கேட்டலாக் இருக்கிறது. அடிக்கடி கேட்கும் கேள்விக்குத் தயார் பதில் எழுதிவைக்கலாம். 'பணம் வந்தது', 'பார்சல் போனது' என்று ஒவ்வொருவருக்கும் லேபிள் ஒட்டலாம். இந்த லேபிள் ஒன்றே எங்களைப் பல குழப்பங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பலர் தவறவிடுவது பிராட்காஸ்ட் லிஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்துவைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். இதை அறியாமல், "அனுப்பினேன், ஒருத்தரும் கேட்கவில்லை" என்று ஆறு மாதம் வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு பொட்டலத்திலும் சிறு சீட்டு வைத்து, "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை எப்போது போடுகிறோம் என்று சொல்கிறோம்" என்று எழுதினோம். அப்புறம்தான் லிஸ்ட் வேலை செய்யத் தொடங்கியது.

குரூப் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஒரு குரூப்பில் 1024 பேர் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குரூப்பிலிருந்த ஒரு அக்காவுக்கு முன்பின் அறியாத ஒருவன் இரவில் மெசேஜ் அனுப்பினான். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை, பேசாமல் வெளியேறிவிட்டார். அன்றே குரூப்பை மூடினேன். நம்மை நம்பி நம்பர் தந்தவருக்கு நம்மால் ஒரு தொந்தரவு வந்தது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. நம்பர் வெளியே தெரியக்கூடாது என்றால் சேனல் (நீங்கள் மட்டும் செய்தி போட, மற்றவர்கள் பின்தொடரும் இடம்) தொடங்குங்கள், இல்லையென்றால் பிராட்காஸ்டோடு நிறுத்துங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் நிற்கும். அன்றன்றைக்குள் விற்றாக வேண்டிய பொருளுக்கு அதுவே வசதி. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ மீன் எடுத்து வீடுகளுக்குக் கொடுப்பவர் காலை ஏழு மணிக்கு "இன்று சாளை, அயிலை, நெத்தோலி" என்று விலையோடு ஸ்டேட்டஸ் போட்டால் போதும். ஒன்பது மணிக்குள் கூடை காலியாகும். இதற்கு இன்ஸ்டாகிராம் எதற்கு?

இதன் பெரிய குறை, புது ஆளை இது கொண்டுவராது. யாரோ உங்கள் நம்பரை அவர்களுக்குத் தர வேண்டும். கேட்காதவர்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பினால், பலர் பிளாக் செய்து புகார் கொடுத்து நம்பரே முடங்கும். முடங்கினால் கேட்டலாக், பேச்சு எல்லாம் சேர்ந்து போகும். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் ஒரு நோட்டிலும் இருக்கட்டும்.

## இன்ஸ்டாகிராம்

முன்பின் தெரியாதவர் கண்ணில் பட வேண்டும் என்றால் இன்றைக்கு ரீல்ஸ் என்ற குறுவீடியோ அளவுக்கு வேறு எதுவும் இல்லை. டிக்டாக் தடைசெய்யப்பட்டு சில நாட்களிலேயே, 2020 ஜூலையில், இங்கே ரீல்ஸ் வந்தது. உங்களைப் பின்தொடராதவருக்கும் அது காட்டுகிறது என்பதுதான் அதன் பலம்.

வடசேரித் தம்பிக்கு நான் யோசிக்காமல் சொன்னது இதைத்தான். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம்) இருக்கிறது. அதை வாங்குகிறவர்களில் முக்கியமானவர்கள் பரதநாட்டியக் கலைஞர்கள். அவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள், தங்கள் ஆட்டத்தை இன்ஸ்டாகிராமில்தான் போடுகிறார்கள். வாங்குகிறவர் இருக்கும் தெருவில் கடை போடுவதுபோல இது. சிவப்புக் கல் பதிக்கும் கையை அருகில் வைத்து முப்பது விநாடி காட்டினால், கடையில் பத்து நிமிடம் பேசிப் புரியவைப்பதை அந்த முப்பது விநாடி செய்துவிடும். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலைக்கும் இதே கணக்குதான். பூவை மடித்து மடித்து மாணிக்கக் கல் பதித்ததுபோலக் கட்டும் அந்த வேலையைப் பார்த்தவர் விரலை நகர்த்த மாட்டார். உள்ளூர் மாலைக்கு வாட்ஸ்அப் போதும். கல்யாண ஆர்டர் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராம்.

இனி எங்கள் அனுபவம். மைனி முந்திரிக்கொத்து உருட்டுவதை ஒரு ரீல் போட்டோம். வறுத்த சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்த உருண்டையை மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டி எண்ணெயில் விடுவது. நாங்கள் எதிர்பார்க்காத அளவு ஆட்கள் பார்த்தார்கள். நூறு பேருக்கு மேல் விலை கேட்டார்கள். வந்த ஆர்டரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரைக் கிலோ பலகாரத்துக்கு வடக்கே அனுப்பும் கூரியர் கட்டணத்தைச் சொன்னதும் பேச்சு நின்றுபோனது. அந்த ஒரு ரீலுக்கு நான் செலவழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும்.

பாட்டு விஷயத்திலும் கவனம் தேவை. பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்தாலும் பதிப்புரிமைப் புகாரில் வீடியோ போய்விடலாம். எண்ணெய் பொரியும் சத்தம், தட்டான் சுத்தியல் சத்தம், மழைச் சத்தம் இவற்றை அப்படியே விடுங்கள். அதைவிட நல்ல பின்னணி இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பொருளைப் புகழ ஆள்கள் வருவார்கள். அப்படிச் செய்தால் அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 2023 முதல் மத்திய அரசின் நுகர்வோர் துறை வழிகாட்டுதல். அவர்களைப் பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அது அவர்கள் போனிலேயே தெரியும்.

## ஃபேஸ்புக்

"அதெல்லாம் பழசு" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். வளைகுடாவில் வேலைபார்க்கும் நம் ஊர் ஆட்கள், ஊர்ப் பெயரில் நடக்கும் குழுக்கள், நாற்பது தாண்டிய அண்ணன்மார் அக்காமார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மஸ்கட்டில் இருக்கும் மகன் திக்கணங்கோட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கட்டிலோ வாட்டர் பில்டரோ வாங்கிக்கொடுக்க நினைக்கும்போது உங்கள் பெயர் அங்கே கண்ணில் பட்டால் நல்லது. மரச்சாமான், புதுக்கடைத் திறப்பு, மண்டபம் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

ஆனால் பேஜில் சும்மா போடும் பதிவு மிகச் சிலருக்குத்தான் போகும். விளம்பரத்துக்குப் பணம் கட்டினால், நாகர்கோவிலைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இந்த வயது என்று குறிவைக்கலாம். விளம்பரத்தைத் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படியும் வைக்கலாம். கட்டும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் முதல் பேஜை மாதச் சம்பளத்துக்கு ஒரு ஏஜென்சி நடத்தியது. பேஜைத் தங்கள் கணக்கிலேயே உருவாக்கியிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பேஜ் எங்களுக்கு இல்லை. மைனியின் படமும் வாடிக்கையாளர்கள் எழுதிய நல்ல வார்த்தைகளும் அதோடு போயின. அதனால் கணக்கை நீங்களே தொடங்கி, முழு உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை மட்டும் அடுத்தவருக்குக் கொடுங்கள். சொந்தத் தம்பி மகன் நடத்தினாலும் இதே முறைதான்.

## யூடியூப்

தேன் அண்ணனுக்கு நான் சொன்னது யூடியூப். ஏன் என்று சொன்னால் உங்களுக்கும் பிடிபடும்.

மார்த்தாண்டத்தில் 1920-களிலேயே ஒய்எம்சிஏ கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ரப்பர் தேன். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. பூவிலிருந்து எடுப்பதில்லை. இந்தத் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததும் வாங்கியவர் போன் போட்டு, "சீனிப்பாகு கலந்துட்டியளா?" என்று கேட்பார். குளுக்கோஸ் அதிகம் இருப்பதால் உறைகிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோயிருக்கிறார்.

இதை ரப்பர் தோட்டத்தில் நின்று, தளிரைக் காட்டி, பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு முறை பத்து நிமிடம் பேசிவிட்டால் போதும். மூன்று வருடம் கழித்தும் "தேன் ஏன் உறைகிறது" என்று தேடுகிறவருக்கு அந்த வீடியோ வரும். ரீல் சில நாளில் அடங்கிவிடும், ஸ்டேட்டஸ் மறுநாளே போய்விடும். யூடியூபில் போட்டது தென்னம்பிள்ளை நட்டதுபோல. ஏமாற்றிவிடுவார்களோ என்ற சந்தேகம் வாங்குபவர் மனதில் அதிகம் இருக்கும் எந்தப் பொருளுக்கும் (தேன், கருப்பட்டி, நாட்டு மருந்து, பழைய வண்டி) இதுதான் நல்ல வழி.

பரதம் சொல்லித்தரும் அக்காவுக்கும் இதுவே. அவர் விற்பது தன் திறமையை. ஒரு அடவை (ஆட்ட அசைவை) எப்படித் திருத்துகிறார் என்று ஐந்து நிமிடம் பார்த்தால்தான் தாய்தகப்பனுக்கு நம்பிக்கை வரும். ஒரே ஒரு கட்டாயம், பிள்ளைகளின் முகம் வெளியே போகும் முன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

யூடியூப் பணம் தரும் என்று கணக்குப் போட வேண்டாம். விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர் வேண்டும், அதோடு ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையோ, ஷார்ட்ஸ் என்ற குறுவீடியோக்களில் 90 நாளில் 1 கோடி பார்வையோ வேண்டும். உங்கள் வருமானம் தேனிலும் வகுப்பிலும் வரட்டும். செலவு என்று பார்த்தால், சட்டையில் மாட்டும் ஒரு மைக் கட்டாயம். ஆரல்வாய்மொழிக் காற்றில் மைக் இல்லாமல் பேசினால் ஒரு வார்த்தை கேட்காது.

## கூகுள் மேப்

இது சமூக வலைத்தளம் இல்லை. ஆனாலும் தங்குமிடம், உணவகம், டாக்ஸி, பஞ்சர் கடை வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன நான்கையும்விட இதுதான் முதலில். கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரியில் அலைமோதும். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, அதைப் பார்க்கவென்றே வருகிறவர்களும் உண்டு. திற்பரப்பில் குளித்துவிட்டுப் பசியோடு நிற்கிறவர் இன்ஸ்டாகிராமைத் திறக்க மாட்டார், மேப்பைத்தான் திறப்பார்.

பதிவு இலவசம். கடையைக் காட்டி ஒரு வீடியோ எடுத்து உறுதிசெய்யும்படி கூகுள் கேட்கக்கூடும். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பட்டியலில் இருக்கப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஒரு கெட்ட விமர்சனம் வந்தால் சண்டை போடாமல், நடந்ததைச் சொல்லி இரண்டு வரி பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போகிறவர் அடுத்த வாடிக்கையாளர்.

## எதில் போனாலும் கூடவே வருபவை

வீட்டுப் பலகாரம் என்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் போடுங்கள். "ராணுவத்திலிருந்து பேசுகிறேன், மொத்தமாக வேண்டும், பணம் அனுப்ப இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள்" என்பது பழைய ஏமாற்று. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டிய தேவையே இல்லை. "உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே தொடவும்" என்று வருவதும் இதே ரகம். எல்லாக் கணக்கிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) இன்றே போட்டுவிடுங்கள். உங்கள் படத்தைத் திருடி அதே பெயரில் கணக்கு தொடங்கி அட்வான்ஸ் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பணம் அனுப்ப வேண்டிய ஒரே நம்பர் எது என்று எல்லா இடத்திலும் எழுதிவையுங்கள்.

## நான் சொன்ன பதில்கள்

தேன் அண்ணனுக்கு யூடியூபில் மாதம் இரண்டு வீடியோ, ஆர்டருக்கு வாட்ஸ்அப். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வடசேரித் தம்பிக்கு இன்ஸ்டாகிராம், கூடவே கடைக்கு மேப்பில் ஒரு இடம். சுசீந்திரத்து அக்காவுக்கு யூடியூப். அவருடைய வகுப்பு நேரில் நடப்பதால் மேப்பும் வேண்டும். எங்களுக்கு வாட்ஸ்அப்பும் மேப்பும்.

சிப்ஸ் போடுகிறவர்கள் இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஓணத்தை நம்பித் தொடங்குவதாக இருந்தால், ஆடி பிறந்ததுமே வாட்ஸ்அப் லிஸ்ட்டைச் சேர்க்கத் தொடங்குங்கள். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் நெருங்க நெருங்க ஏத்தங்காய் விலை ஏறும். ஆர்டரையும் விலையையும் அதற்கு இரண்டு வாரம் முன்பே பேசி முடித்து, அனுப்பும் செய்தியில் மலையாளத்திலும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.